அடிக்காசைப் படிப்பது எப்படி? கிரேக்க வெள்ளி மேலச்சுக் காசுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்த கணக்கைப் போட்டவர்களுக்கு ஒன்று தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் பழைய கோடு அடியில் வெளிறித் தெரியும். வாத்தியார் அதைப் பார்த்தே முதலில் போட்ட விடை என்னவென்று கண்டுபிடித்துவிடுவார். பண்டைக் கிரேக்கத்தில் காசு அடித்த அக்கசாலைகளிலும் இதே வேலை நடந்தது. ஏற்கெனவே அடித்துப் புழங்கிய ஒரு வெள்ளிக் காசை உருக்காமல் அப்படியே எடுத்து, சூடாக்கி, புதிய அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். புதிய படம் பதியும். பழையது பெரும்பாலும் நசுங்கும், ஆனால் முழுக்க அழியாது.

முதலில் சொற்களை ஒழுங்கு செய்துகொள்வோம். இத்தகைய காசை 'மறுமுத்திரைக் காசு' என்று அழைக்க எனக்கு மனமில்லை. தமிழில் 'முத்திரைக் காசு' என்றால் நம் நாட்டுப் பழைய சதுர வெள்ளிக் காசுகள் என்றே பொருள் ஊன்றிவிட்டது. ஆகவே இங்கே 'மேலச்சுக் காசு' என்கிறேன். மேலே தெரிவது மேலச்சு. அடியில் கிடப்பது அடிக்காசு. காசை 'அடித்தார்கள்' என்று நாம் சொல்வது கிரேக்கக் காசுகளுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும். கீழ் அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும், அதற்கு எதிர் அச்சு கையில் பிடித்த உளி போன்ற கம்பியின் முனையில் இருக்கும், நடுவில் வெள்ளி வில்லை. அடி ஒன்றோ இரண்டோ.

ஏன் உருக்கவில்லை? வெள்ளி உருக 962 பாகை செல்சியஸ் வேண்டும். கரி, மூசை, ஆள், நேரம் எல்லாம் செலவு. உருக்கிய பிறகு மீண்டும் சரியான எடைக்கு வில்லை வார்க்க வேண்டும். கையில் இருக்கும் அயலூர்க் காசோ ஏற்கெனவே சரியான எடையில் வட்டமாக இருக்கிறது. அதை இளகும் அளவுக்குச் சூடாக்கினால் போதும். இதற்கு மேல் லாபக் கணக்கும் இருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பொருளியல் நூலின் இரண்டாம் பகுதியில் சிராகூசின் கொடுங்கோலன் தியோனீசியோஸ் பற்றி ஒரு கதை உண்டு. மக்களிடம் கடன் வாங்கியிருந்தான். திருப்பிக் கேட்டார்கள். வீட்டில் இருக்கும் வெள்ளியை எல்லாம் கொண்டுவரச் சொன்னான், ஒரு திராக்மா (கிரேக்கப் பண அலகு) காசின் மேல் இரண்டு திராக்மா என்று அடித்தான், பழைய கடனையும் புதிய கடனையும் சேர்த்து அடைத்துவிட்டான். இந்தக் கதை அப்படியே நடந்ததா என்பது வேறு. மறுபடி அடிப்பதில் என்ன ஆதாயம் என்று அந்தக் காலத்தவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி.

இனி வேலைக்கு வருவோம். உங்களிடம் காசு இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்க நாணயவியல் கழகமும் தம் சேகரிப்பின் படங்களை எடையோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. நான் கற்றதில் பெரும்பகுதி அப்படித் திரையில் பார்த்துத்தான்.

படி 1: கண்ணை மூடிக்கொண்டு எடையைப் பாருங்கள்

படத்தைப் பார்க்கும் முன்பே எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இது வீம்பாகத் தோன்றலாம். ஆனால் கண் ஒரு முறை ஆமையைப் பார்த்துவிட்டால் பிறகு எல்லா இடத்திலும் ஆமைதான் தெரியும். எடைக்கு அந்தக் குறை கிடையாது.

ஒவ்வொரு கிரேக்க நகரமும் ஏதோ ஓர் எடை முறையைப் பின்பற்றியது. மனத்தில் நிறுத்த வேண்டியவை நான்கு. ஏதென்ஸின் நான்கு திராக்மாக் காசு சுமார் 17.2 கிராம். ஆமை பதித்த ஐகினாவின் ஸ்டேட்டர் (ஊரின் முதன்மை வெள்ளிக் காசு) சுமார் 12.2. இறக்கைக் குதிரை பதித்த கொரிந்துவின் ஸ்டேட்டர் சுமார் 8.6. தென் இத்தாலியின் அகாய முறை ஸ்டேட்டர் சுமார் 8. தேய்மானத்தால் இவை கொஞ்சம் குறைந்தே கிடைக்கும்.

அடிக்காசு எதுவாக இருக்க முடியும் என்பதை எடை உடனே சுருக்கிவிடும். 8 கிராம் காசின் அடியில் ஏதென்ஸின் நான்கு திராக்மாவைத் தேடுவது வீண் வேலை. 8.6 கிராம் காசு எட்டுக்கு இறங்கும். விளிம்பைச் சற்றுத் தேய்த்தோ சீவியோ எடை குறைக்கலாம், கூட்ட முடியாது. தென் இத்தாலியின் மெட்டபொன்டம் நகரத்தில் நடந்தது இதுதான். அந்த ஊரின் சின்னம் பார்லிக் கதிர். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு பக்கம் கதிர் புடைப்பாகவும் மறு பக்கம் அதே கதிர் குழிவாகவும் அகலமான மெல்லிய காசுகளை அடித்தார்கள். நாளடைவில் வில்லை சுருங்கித் தடித்தது. இந்தச் சிறிய, தடித்த குழிவுக் காசுகள் சிலவற்றின் அடியில்தான் கொரிந்துவின் இறக்கைக் குதிரை எட்டிப் பார்க்கிறது. மெட்டபொன்டத்தில் தானியம் உண்டு, வெள்ளிச் சுரங்கம் இல்லை. கடல் வழி வந்த கொரிந்துக் காசு அவர்களுக்குப் பணமாகத் தெரியவில்லை, ஏறக்குறையச் சரியான எடையில் வெட்டி வைத்த வெள்ளியாகத் தெரிந்தது.

படி 2: வெளிச்சத்தைச் சாய்த்து விடுங்கள்

காசு கையில் இருந்தால் மேலிருந்து விளக்குப் பிடிக்காதீர்கள். மேசை விளக்கை ஏறக்குறைய மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். மாலை வெயிலில் வயல் வரப்பு துல்லியமாகத் தெரிவது போல, சாய்ந்த ஒளியில் ஒரு மயிரிழை உயரமும் நிழல் போடும். பிறகு விளக்கை அசைக்காமல் காசைச் சுற்றுங்கள். எட்டு நிலைகளில் எட்டுப் படம் எடுத்தால் நல்லது. காசைக் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். கருமை படிந்த மேற்பரப்பில்தான் பல நேரங்களில் அடிக்கோடு தெளிவாகத் தெரிகிறது.

எங்கே பார்ப்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். படத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள வெற்று நிலத்தின் நடுவில் தேடுவார்கள். அச்சின் மேடான பகுதி வெள்ளியை மிகுதியாக அழுத்தும் இடம் அது. பழைய படம் அங்கேதான் முதலில் அழியும். தேட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று விளிம்பு. அங்கே அடியின் வேகம் குறைவு, அச்சு முழுதாக எட்டாமலும் போகும். மற்றொன்று, கேட்டால் வியப்பாக இருக்கும், புதிய படத்தின் மிக உயரமான இடங்கள். தெய்வத்தின் கன்னம், காளையின் தோள் போன்றவை. அச்சில் அவை ஆழமான குழிகள். வெள்ளி பாய்ந்து அந்தக் குழியின் அடிவரை நிரம்பாவிட்டால் பழைய மேற்பரப்பு நசுங்காமல் அங்கே தங்கிவிடும். அப்போலோவின் கன்னத்தில் தேவையில்லாமல் ஒரு எழுத்து தெரிந்தால் அது வடு இல்லை, அடிக்காசின் பெயர்.

இன்னொரு நல்ல தடயம் பள்ளம். தொடக்ககாலக் கிரேக்கக் காசுகள் பலவற்றின் பின்புறத்தில் உளி அழுத்திய ஆழமான சதுரக் குழி இருக்கும். புடைப்பை நசுக்குவது எளிது, குழியைத் தூர்ப்பது கடினம். புதிய படத்தின் குறுக்கே நேர்கோட்டில் ஒரு தாழ்வு ஓடி, செங்கோணத்தில் திரும்பினால் உட்கார்ந்து கவனியுங்கள்.

படி 3: தலையைச் சுற்றுங்கள்

அக்கசாலைத் தொழிலாளி பழைய காசை எந்தத் திசையில் வைக்கிறோம் என்று கவலைப்படவில்லை. முன்புறம் பின்புறம்கூட அவருக்கு ஒன்றுதான். எனவே அடிக்காசு தலைகீழாக, சாய்வாக, எப்படியும் இருக்கலாம். மேலச்சு நேராக நிற்கும்படி படத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் படமே உங்கள் கண்ணை ஆளும். படத்தைச் சுற்றுங்கள். பதினைந்து பதினைந்து பாகையாக, முழு வட்டம். இரு புறமும் செய்தால் நாற்பத்தெட்டுப் பார்வை. அலுப்பான வேலைதான். ஆனால் முப்பதாவது திருப்பத்தில் இதுவரை காளையின் வால் என்று நினைத்த கோடு திடீரென்று ஒரு தலைக்கவசத்தின் விளிம்பாக மாறும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

தெரியும் துண்டுகளை உடனே பெயர் சொல்லி அழைக்காதீர்கள். 'இறக்கை' என்று எழுத வேண்டாம். 'இணையாக வளைந்த நான்கு கோடுகள், 4 மணிப் பக்கம்' என்று எழுதுங்கள். கடிகார முள் நிலையில் இடத்தைக் குறிப்பது வசதி. பெயர் சூட்டுவது ஐந்தாம் படியில்.

படி 4: போலித் தடயங்களை விலக்குங்கள்

இந்தப் படிதான் பெரிய சல்லடை. மேலச்சு என்று ஆசைப்பட்டவற்றில் பெரும்பாலானவை இங்கே விழுந்துவிடும்.

முதல் எதிரி, இரட்டை அடி. முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் இடையே வில்லை நழுவினால் அதே படம் இரண்டு முறை பதியும். ஒரே மூக்கு இரண்டு, ஒரே எழுத்து இரண்டு. கூடுதலாகத் தெரியும் ஒவ்வொரு கோட்டுக்கும் அதே காசில் ஒரு ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு முறை அடிக்காசில் ஐகினாவின் ஆமையே கிடைத்துவிட்டது என்று குதித்திருக்கிறேன். ஓடு, அதன் நடுவில் வரிசையாகப் புள்ளிகள், எல்லாம் பொருந்தின. புள்ளிகள் மேலச்சின் புள்ளி வளையமே நழுவி இரண்டாம் முறை பதிந்தவை என்று ஒரு நண்பர் காட்டினார். இரண்டு வாரம் வீண்.

இரண்டாவது, மோதல் தடம். நடுவில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதினால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் பதிந்து, பிறகு அடிக்கும் காசுகளில் எல்லாம் நிழலாகத் தெரியும். மூன்றாவது, மறுபடி செதுக்கிய அச்சு. பழைய அச்சில் ஓர் எழுத்தையோ சின்னத்தையோ மாற்றிச் செதுக்கும்போது முந்தையது மிச்சமாக நிற்கும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும். அதே அச்சில் அடித்த வேறொரு காசின் படத்தைத் தேடி எடுங்கள். சந்தேகத் தடம் அதே இடத்தில் அங்கும் இருந்தால் குற்றம் அச்சினுடையது. மேலச்சுத் தடம் ஒரு காசுக்கு மட்டுமே சொந்தம், பக்கத்துக் காசில் அது இருக்காது. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட நம்பகமானது வேறில்லை.

நான்காவது, எதிர்முத்திரை. இது வேறு சங்கதி. முழுக் காசையும் மாற்றாமல் ஒரு சிறு முத்திரையை மட்டும் குத்துவது. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த பம்பிலியாவின் சிதே நகரத்து நான்கு திராக்மாக்களில், அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட செலூக்கியரின் நங்கூரம் குத்தியிருப்பதைப் பார்க்கலாம். அடிக்காசு அங்கே மறைக்கப்படவில்லை. 'இது இங்கே செல்லும்' என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட மாதிரி. வணிகர்கள் உள்ளே செம்பா வெள்ளியா என்று பார்க்க வெட்டிய உளிக் கீறல்களையும் இதே கணக்கில் ஒதுக்குங்கள்.

படி 5: துண்டுகளைப் பொருத்துங்கள்

இப்போது உங்களிடம் ஓர் எடை வரம்பும் திசையோடு குறித்த இரண்டு மூன்று துண்டுகளும் இருக்கின்றன. எடை பொருந்தும் நகரங்களின் காசுப் படங்களை எடுத்து, அதே அளவுக்குச் சுருக்கி, பாதி ஒளிபுகும்படி மேலே வைத்துச் சுற்றுங்கள். சாதாரணப் படத்திருத்தச் செயலியே போதும். ஒரு துண்டு பொருந்தினால் நம்பாதீர்கள். ஒரே திருப்பத்தில் மூன்று துண்டுகள் ஒருசேரப் பொருந்த வேண்டும். இரு புறமும் பொருந்தினால் வழக்கு முடிந்தது.

கிரீட் தீவுக் காசுகளில் இது எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள். கோர்தின் நகரக் காசில், சேயுஸ் தெய்வம் காளையாக வந்து கவர்ந்துசென்ற யூரோப்பா மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பாள், பின்புறம் தலை திருப்பிய காளை. அடிக்காசாகப் பலமுறை கிடைப்பது வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகரக் காசு. அதில் ஒரு புறம் சில்பியம் செடி, மறு புறம் ஆட்டுக் கொம்போடு சேயுஸ் அம்மோன். மேலே மரக்கிளை, கீழே செடித்தண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு இங்கே நல்ல பயிற்சி கிடைக்கும். சில்பியம் தண்டில் இலைகள் இரு புறமும் ஒழுங்காக இணை இணையாக ஏறும், உச்சியில் பூங்கொத்து உருண்டையாக நிற்கும். யூரோப்பாவின் மரத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. இந்தச் சில்பியம் பிற்பாடு அழிந்தே போயிற்று. கடைசித் தண்டு ஒன்றை நீரோவுக்கு அனுப்பினார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அது கிடைக்காத ரோமச் சமையலறைகளில் அதன் இடத்துக்கு வந்தது நம் ரசத்தில் கரையும் பெருங்காயம்தான்.

படி 6: காலத்தைக் கணக்கிடுங்கள், ஆனால் பேராசை வேண்டாம்

கிரேக்கக் காசுகளில் ஆண்டு போடும் வழக்கம் அரிது. இந்த ஊர் இந்தக் காசை எப்போது அடித்தது என்பது பெரும்பாலும் நடை, புதையல், ஊகம் மூன்றையும் கலந்து சொல்வதுதான். மேலச்சுக் காசு மட்டும் ஒரு விஷயத்தில் மறுக்க முடியாத சாட்சி: மேலே இருப்பது கீழே இருப்பதற்குப் பிந்தியது. நடை பற்றி அறிஞர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடட்டும், இதை யாரும் மாற்ற முடியாது.

கிரீட்டில் இதை முறையாகப் பயன்படுத்தியவர் பிரெஞ்சு நாணயவியலர் ஜார்ஜ் லெ ரிதே. அவர் 1966இல் வெளியிட்ட ஆய்வில் கோர்தினும் பைஸ்தோசும் சைரீன் காசுகளின் மேல் அடித்தவற்றைத் தொகுத்தார். சைரீன் வெள்ளி கிரீட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு சாகசக் கதையே இருக்கிறது. மகா அலெக்சாந்தரின் கருவூலக்காரன் ஹர்பாலஸ், கி.மு. 324இல் 5,000 தாலந்து வெள்ளியோடும் கூலிப்படையோடும் பாபிலோனிலிருந்து ஓடினான். ஏதென்ஸ் போய், கடைசியில் கிரீட்டில் கொலையுண்டான். கொன்றவன் அவனுடைய கூட்டாளி திப்ரோன். பணத்தையும் படையையும் கைப்பற்றிக் கடல் தாண்டிச் சைரீனைப் பிடிக்கப் போனான். கி.மு. 322இல் எகிப்தை ஆண்ட தாலமியின் தளபதி ஓஃபெல்லாஸ் அவனை முறியடித்தார். கிரீட்டுக்காரர்கள் கூலிப்படைக்குப் பேர்போனவர்கள். சைரீனில் வாங்கிய சம்பளம் ஊர் திரும்பி, அங்கே யூரோப்பாவாக மாறியது என்பது மிகவும் பொருந்தும் விளக்கம்.

பேராசை எங்கே வருகிறது? அடிக்காசு கி.மு. 322ஐச் சேர்ந்தது என்பதால் மேலச்சும் 322 என்று எழுதிவிடுவதில். அடிக்காசு தருவது கீழ் எல்லை மட்டும். அதற்கு முன் அடித்திருக்க முடியாது, அவ்வளவே. ஐம்பது ஆண்டு பானையில் கிடந்துவிட்டும் அக்கசாலைக்கு வந்திருக்கலாம். இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. அடிக்காசில் தேய்மானம் எவ்வளவு என்று பாருங்கள், புதிதாக இருந்த காசின் நுண்கோடுகள் மேலச்சுக்கு அடியிலும் கூர்மையாகத் தெரியும். அடுத்து, எண்ணிக்கை. ஒரே நகரத்தின் ஒரே வெளியீடு பத்துக் காசுகளின் அடியில் வந்தால் அது தற்செயல் இல்லை, ஒரு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது என்று பொருள். தனியான ஒரு காசை வைத்து வரலாறு எழுதுபவரிடம் எனக்கு மரியாதை குறைவு.

படி 7: யார்மேல் யார் என்று கேளுங்கள்

எல்லா மேலச்சும் சிக்கனத்துக்காக அல்ல. சிலவற்றில் கோபம் இருக்கிறது.

கி.மு. 162ஐ ஒட்டி மீடியாவின் (இன்றைய ஈரானின் வடமேற்கு) ஆளுநர் திமார்க்கஸ் செலூக்கிய அரசுக்கு எதிராகக் கிளம்பி, காசில் தன்னை 'மாமன்னர்' என்று எழுதிக்கொண்டான். பின்புறத்துக்குப் பாக்திரிய மன்னன் யூக்ரடிடீசின் காசிலிருந்த குதிரை வீரர்களான இரட்டையரை அப்படியே எடுத்துக்கொண்டான். செலூக்கிய மன்னன் முதலாம் டெமெட்ரியோஸ் அவனை வென்று கொன்றதும், தைகிரிஸ் கரைச் செலூக்கியா அக்கசாலையில் அந்த வெள்ளி மேலேயே தன் தலையையும் அரசி லவோதிகேயின் தலையையும் சேர்த்து அடித்தான். தலைக்கவசம் அணிந்த மாமன்னர் அரச தம்பதியின் கன்னங்களுக்கு அடியில் போனார். இங்கே எடை இடிக்கவில்லை, வெள்ளித் தட்டுப்பாடும் காரணமாகத் தெரியவில்லை. எதிரியின் பெயர் சந்தையில் புழங்கக்கூடாது என்பதே நோக்கம் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் நடந்தது. கி.மு. 241 முதல் 238 வரை வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுக்கு எதிராக அதன் கூலிப்படையும் லிபிய மக்களும் கிளர்ந்தபோது, கார்த்தேஜின் தேவி தலையும் குதிரையும் பதித்த காசுகளின் மேல் சிங்கத்தோல் போர்த்த ஹெராக்ளீசையும் சிங்கத்தையும் அடித்தார்கள். 'லிபியர்களுடையது' என்று கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். சம்பளம் தராத முதலாளியின் காசையே வில்லையாக்கியது பொருத்தமான பழிவாங்கல்.

பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய பள்ளிக்கூடம் உண்டு. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தம்பியில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 13,250 வெள்ளிக் காசுகள். கிரேக்கத் திராக்மா மரபில் வந்தவை, மேற்குச் சத்ரப மன்னன் நகபானனுடையவை. அவன் தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்து ஓடும். அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றின் மேல் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சதகர்ணியின் மூன்று வளைவுக் குன்றும் உஜ்ஜைனிச் சின்னமும். மேலச்சு அவசரமாக அடித்தது, அடிக்காசு கண்ணுக்கு நேராகத் தெரியும். கிரேக்கக் கடினப் பாடத்துக்கு முன் இதில் கை பழகுங்கள். வடமேற்கின் இந்தோ-கிரேக்க மன்னர்களில் யார் முன், யார் பின் என்ற சிடுக்கை அவிழ்ப்பதிலும் மேலச்சுகள் பெரிதும் உதவின. அங்கே செம்புக் காசுகளே மிகுதி. அந்த ஆய்வில் முன்னின்றவர் இலங்கையில் பிறந்த ஒஸ்மண்ட் போபேராச்சி.

படி 8: குறித்து வையுங்கள்

ஒரு காசுக்கு ஒரு பக்கம். எடை, விட்டம், மேலச்சின் இரு புறமும், அடிக்காசின் துண்டுகள் கடிகார நிலையோடு, எந்தத் திருப்பத்தில் தெரிந்தன, எந்த மாற்று விளக்கங்களை எப்படி விலக்கினீர்கள். இறுதியில் உறுதியை ஒரு சொல்லில்: 'நிச்சயம்', 'பெரும்பாலும்', 'அடையாளம் தெரியவில்லை'. மூன்றாவதை எழுத வெட்கப்பட வேண்டாம். சுற்றித் திருப்பிய நிலையிலுள்ள படத்தையும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

என் நோட்டில் மெட்டபொன்டத்துக் கதிர் ஒன்று இருக்கிறது. 7.9 கிராம். குழிவுக் கதிரின் அடிப்பக்கம், 8 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே, இணையாக வளைந்த மூன்று கோடுகள். கொரிந்துக் குதிரையின் இறக்கையை நாற்பத்தெட்டுத் திருப்பத்திலும் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு கோடு பொருந்துகிறது, மூன்றாவது வெளியே நிற்கிறது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.